டெட்லிஃப்ட் புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: டெல்டா ஊர்களின் சின்ன ஜிம்களுக்காக

தரையில் கிடக்கும் ராடை, அதாவது இரு முனையிலும் எடைத் தட்டு (பிளேட்) மாட்டிய இரும்புக் கம்பியை, இரண்டு கையாலும் பிடித்து, எழுந்து நேராக நின்று, மறுபடி தரையில் வைக்க வேண்டும். டெட்லிஃப்ட் அவ்வளவுதான். பார்க்க எளிதாக இருப்பதால் இதை யாரும் நேரம் ஒதுக்கிச் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் ஒருவர் தூக்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடம் நாமும் தூக்கிவிடுகிறோம். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று நம் ஊர்களில் பல ஜிம்கள் ஒரே கூடம், ஒரு பெஞ்சு, நாலைந்து ராடு, கொஞ்சம் வார்ப்பிரும்பு பிளேட்டுகள் என்ற அளவில்தான் இருக்கின்றன. அந்த வசதிக்குள்ளேயே இதைச் சரியாகப் பழகிவிடலாம். அதை மனதில் வைத்தே இந்தப் பதில்கள்.

டெட்லிஃப்ட் செய்தால் இடுப்பு போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

முறையாக, உடம்பு தாங்குகிற எடையில் செய்தால் போகாது. நாளாக ஆக முதுகு பலப்படும்.

ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. மூட்டை தூக்கியே இடுப்பு தேய்ந்த ஆட்களைத் தெருவுக்குத் தெரு பார்த்தவர்கள் அவர்கள். லாரி வந்து நின்றால் உடம்பு முடிந்தாலும் முடியாவிட்டாலும் தூக்கியாக வேண்டும். எத்தனை மூட்டை, என்ன எடை, எப்போது ஓய்வு என்பதெல்லாம் தூக்குகிறவர் கையில் இல்லை. ஜிம்மில் அது அத்தனையும் உங்கள் கையில் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டால் பயம் தேவையில்லை.

முதுகில் அடிபடுகிறவர்களைக் கவனித்தால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் சேர்ந்தே வரும். எடையைத் திடீரென்று ஏற்றியிருப்பார்கள். களைத்த பிறகும் இன்னும் இரண்டு என்று தூக்கியிருப்பார்கள். எடை கையில் இருக்கும்போதே முதுகின் வடிவம் மாறியிருக்கும். கடைசியாகச் சொன்னதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். முதுகு அளவுகோல் மாதிரி நேராக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கீழ் முதுகில் இயல்பாகவே ஒரு சின்ன உள்வளைவு உண்டு. தொடங்கும்போது எந்த வடிவத்தில் இறுக்கினீர்களோ, தூக்கி முடிக்கும் வரை அதே வடிவம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தசை சீக்கிரம் பலப்படும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பலப்படும். இரண்டாவது மாதத்தில் "இன்னும் ஏற்றலாம்" என்று தோன்றுவது தசை சொல்வது. மற்றவை வந்து சேரக் கொஞ்சம் பொறுங்கள்.

இதில் எந்தெந்தத் தசை வேலை செய்கிறது?

பிட்டத் தசையும் பின்தொடையும்தான் முக்கியம். முன்தொடை தரையிலிருந்து ராடைக் கிளப்ப உதவும். முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் நீளத் தசைகள் முதுகை அசையாமல் பிடித்திருக்கும். அக்குளுக்குக் கீழே உள்ள அகலமான முதுகுத் தசை ராடைக் காலோடு ஒட்டி வைக்கும். முன்கை பிடியைக் காக்கும். முதுகின் வேலை பிடித்திருப்பது, தூக்குவது இடுப்பு மூட்டும் காலும். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி தவறுகள் தானாக நின்றுவிடும்.

ராடைத் தொடும் முன் என்ன பழக வேண்டும்?

இடுப்பு மூட்டிலிருந்து மடங்கப் பழகுங்கள். தொடை வந்து உடம்போடு சேரும் இடம் அது. நாம் எதையாவது எடுக்கக் குனியும்போது பெரும்பாலும் வயிற்றுக்கு நேர் பின்னால், முதுகை வளைத்துத்தான் குனிகிறோம். அந்தப் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் இருக்கும்போது பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவுதான். முழங்கால் லேசாக மடங்கும், பிட்டம் பின்னால் போகும், நெஞ்சு தானாக முன்னால் சாயும்.

வீட்டிலேயே பழகலாம். ஒட்டடைக் கம்போ மூங்கில் குச்சியோ எடுத்து முதுகோடு நிறுத்திப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, பிட்டத்துக்கு மேலே உள்ள வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் குச்சி படவேண்டும். அப்படியே பிட்டத்தைப் பின்னால் தள்ளி மடங்குங்கள். மூன்றில் ஒரு இடத்தில் குச்சி விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். பின்தொடை இழுபடும் வரை போய்விட்டுத் திரும்ப நிமிருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பத்தாக இரண்டு மூன்று தடவை. இரண்டு வாரம் இதைச் செய்துவிட்டு ராடிடம் போகிறவருக்கும் நேராகப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் செட்டிலேயே (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) தெரியும்.

குச்சி வராவிட்டால் சுவர் போதும். சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொடுங்கள். எளிதாகிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நில்லுங்கள்.

எங்கள் ஜிம்மில் பெரிய பிளேட் இல்லை. ராடு தரையோடு கிடக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாத விஷயம் இது. சின்ன ஊர் ஜிம்களில் புதியவர்கள் முதுகை வளைத்துத் தூக்குவதற்கு முறை தெரியாதது மட்டும் காரணமில்லை. ராடு இருக்கும் உயரமே அவர்களை வளைய வைக்கிறது.

போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதை மாட்டினால் ராடின் நடுப்பகுதி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். காணொளிகளில் நாம் பார்க்கும் டெட்லிஃப்ட் எல்லாம் அந்த உயரத்திலிருந்துதான் தொடங்குகிறது. 5 கிலோ, 10 கிலோ வார்ப்பிரும்பு பிளேட்டுகள் அதைவிட நிறையச் சின்னவை. அவற்றை மாட்டினால் ராடு கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கிடக்கும். அவ்வளவு கீழே போய்ப் பிடிக்கும்போது முதுகு வளையாமல் இருக்க, நன்றாகப் பழகியவருக்கே சிரமம். பின்தொடை இறுக்கமாக உள்ள புதியவருக்கு நடக்காத காரியம்.

சரி, என்ன செய்யலாம்? பிளேட்டுகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்து ராடை உயர்த்துங்கள். தச்சுப் பட்டறையில் சொன்னால் கனமான பலகைத் துண்டுகள் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே கனம் இருக்க வேண்டும். ரப்பர் விரிப்புகளை அடுக்கலாம். மிச்சம் இருக்கிற பிளேட்டுகளைப் படுக்கப்போட்டு அதன்மேல் வைக்கலாம். செங்கல் வேண்டாம், உடைந்து சரிந்துவிடும். டேப் வைத்து அளந்து, ராடின் நடு தரையிலிருந்து 22, 23 செ.மீ. வருகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். அந்த உயரத்திலும் முதுகு வளைகிறதா? வெட்கப்படாமல் இன்னும் உயர்த்துங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை உயர்த்தித் தொடங்கி, வாரா வாரம் ஒரு பலகையை எடுத்துவிட்டால் உடம்பு பழகிக்கொள்ளும்.

ராடின் எடையையும் கேட்டு வையுங்கள். போட்டி ராடு 20 கிலோ. பெண்களுக்கான பளுதூக்கும் ராடு 15 கிலோ. நம் ஜிம்களில் உள்ள மெல்லிய ராடுகள் 8, 10 கிலோவாகக்கூட இருக்கும். ஜிம்மில் யாருக்கும் தெரியாவிட்டால் பக்கத்து அரிசி மண்டித் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடலாம்.

எப்படி நின்று, எப்படிப் பிடித்து, எப்படித் தூக்குவது? வரிசையாகச் சொல்லுங்கள்.

பாதத்திலிருந்து தொடங்கலாம். ராடு உங்கள் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். விரல் நுனி முதல் குதிகால் முடிவு வரை உள்ள முழுப் பாதத்தின் நடு. நேராக நின்று குனிந்து பார்த்தால், காலின் முன்னெலும்புக்கும் ராடுக்கும் இடையே இரண்டு விரல் அளவு இடைவெளி தெரியும். பாதங்கள் இடுப்பு அகலத்தில், நுனி லேசாக வெளியே திரும்பி இருக்கட்டும். நின்ற இடத்திலிருந்து மேலே குதிக்கச் சொன்னால் எவ்வளவு அகலத்தில் நிற்பீர்களோ, கிட்டத்தட்ட அதே அகலம்.

இப்போது பிட்டத்தைப் பின்னால் தள்ளி, ராடைக் கால்களுக்குச் சற்று வெளியே பிடியுங்கள். இரண்டு உள்ளங்கையும் உங்களைப் பார்த்தபடி, கட்டைவிரல் ராடைச் சுற்றி. ராடை நகர்த்தாதீர்கள். பல பேர் இந்த இடத்தில் ராடை முன்னும் பின்னும் உருட்டி விளையாடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பாதத்தின் நடுவுக்கு மேலே நிறுத்திய வேலை அத்தனையும் வீண்.

பிடித்த பிறகு முழங்காலை மட்டும் முன்னால் விடுங்கள், முன்னெலும்பு ராடைத் தொடும் வரை. தொட்டதும் நிறுத்துங்கள். அதற்குமேல் பிட்டத்தைக் கீழே இறக்கத் தேவையில்லை. இறக்கினால் முழங்கால் ராடை முன்னால் தள்ளிவிடும். டெட்லிஃப்டில் பிட்டம், ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) அளவுக்குக் கீழே போகாது. முழங்காலுக்கு மேலே, தோளுக்குக் கீழே நிற்கும். உயரமான, நீளத் தொடைக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும், அது சரிதான்.

அடுத்தது நெஞ்சு. பிட்டத்தை அசைக்காமல் நெஞ்சை மேலே எடுங்கள். முதுகு தானாக இறுகி நேர்படும். அக்குளை இறுக்குங்கள். கை கயிறு போலத் தொங்கட்டும், முழங்கை மடங்கவே கூடாது. பார்வை உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில். எதிரே கண்ணாடி இருந்தாலும் தலையைத் தூக்கி அதைப் பார்க்காதீர்கள். கழுத்து முதுகின் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

இனி தூக்கும் நேரம். சட்டென்று பிடுங்கக் கூடாது. ராடுக்கும் பிளேட் துளைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. மெதுவாக இழுத்தால் அந்த இடைவெளி அடைபட்டு "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இறுக்கத்தை விடாமல், காலால் தரையைக் கீழே அமுக்குங்கள். ராடை மேலே இழுக்க வேண்டும் என்று நினைத்தால் முதுகு வேலைக்கு வந்துவிடும். தரையை அமுக்க வேண்டும் என்று நினைத்தால் கால் வேலை செய்யும். ராடு முன்னெலும்பை, முழங்காலை, தொடையை உரசிக்கொண்டே மேலே வரட்டும். காலை விட்டு விலகிய ஒவ்வொரு அங்குலமும் கீழ் முதுகில் சுமையைக் கூட்டும். முன்னெலும்பு உராயாமல் இருக்க நீளமான சாக்ஸோ பேன்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் முழங்காலும் இடுப்பு மூட்டும் ஒன்றாக நிமிர வேண்டும். பிட்டத்தை இறுக்கி நேராக நில்லுங்கள், போதும். வெற்றியைக் காட்டப் பின்னால் சாய்வதில் பலன் எதுவும் இல்லை. கீழ் முதுகு நசுங்குவதுதான் மிச்சம்.

மூச்சை எப்போது எடுப்பது, எப்போது விடுவது?

தூக்கும் முன், வயிறு நாலாப் பக்கமும் விரிகிற மாதிரி ஆழமாக மூச்சிழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதாக நினைத்து இறுக்குங்கள். அந்த அழுத்தம்தான் முதுகெலும்புக்கு உள்ளிருந்து வரும் முட்டு. அதைப் பிடித்தபடியே தூக்கி, இறக்கி, ராடு தரையில் உட்கார்ந்த பிறகு விட்டுவிட்டுப் புதிதாக இழுங்கள். இப்படி மூச்சைப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் சில நொடிகள் நன்றாக ஏறும். ரத்தக் கொதிப்பு, இதய நோய், கண் அழுத்த நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இறக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தூக்கிய வழியிலேயே திரும்பி வாருங்கள். முதலில் பிட்டம் பின்னால் போக வேண்டும். ராடு முழங்காலைத் தாண்டிய பிறகுதான் முழங்கால் மடங்க வேண்டும். முழங்காலை முதலில் மடக்கினால் ராடு அதில் இடிக்கும், இடிக்காமல் இருக்க ராடை முன்னால் தள்ளுவீர்கள், முதுகு வளையும். தரையில் வைத்ததும் ஒரு நொடி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து இறுக்கித் தூக்குங்கள். பந்து மாதிரி தரையில் மோதி எழுப்புவது புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். வார்ப்பிரும்பு பிளேட்டை மேலிருந்து போடவும் கூடாது. பிளேட் விரிசல் விடும், தரை ஓடு உடையும், ஜிம் நடத்துகிறவர் அடுத்த நாளே டெட்லிஃப்டுக்குத் தடை போடுவார்.

எவ்வளவு எடையில் தொடங்குவது? எப்படி ஏற்றுவது?

ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப். எட்டு ரெப் போக முடியும் என்று தோன்றும் எடையில் ஐந்தோடு நிறுத்துங்கள். சிலருக்கு அது வெறும் ராடாக இருக்கும், சிலருக்கு 40 கிலோவாக இருக்கும். ஐந்து ரெப், மூன்று செட், வாரத்துக்கு இரண்டு நாள். இரண்டு நாளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். அவசரப்பட்டால் களைப்பு முறையைக் கெடுக்கும்.

ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்றினால் போதும். 40 கிலோவில் தொடங்கி வாரம் இரண்டு முறை ஏற்றினால், 12 வாரத்தில் கணக்குப்படி 60 கிலோ கூடி 100 வந்துவிடும். நடுவில் காய்ச்சல், கல்யாணம், அறுவடை என்று தட்டும், அதனால் நான்கைந்து மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் நல்ல வேகம்தான். நிறைய ஜிம்களில் மிகச் சின்ன பிளேட்டே 2.5 கிலோவாக இருக்கும். இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரேயடியாக 5 கிலோ ஏறும். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்ல செலவு.

கடைசி ரெப்பில் முதுகு வடிவம் மாறினால் அந்த நாள் அந்த எடை அதிகம். அடுத்த முறையும் அதே எடை. இரண்டு மூன்று முறை தொடர்ந்து தட்டினால் பத்து சதவீதம் குறைத்து மறுபடி ஏறி வாருங்கள். "ஒரே ஒரு ரெப், முடிந்த அளவு" என்று முதல் சில மாதம் சோதித்துப் பார்க்காதீர்கள். கூட இருப்பவர்கள் சத்தம் போட்டு உசுப்பேற்றினாலும்தான்.

மாஸ்டர் எப்போதும் பக்கத்தில் இருப்பதில்லை. தவறு செய்கிறேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு செட்டைப் படம் பிடியுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் முதுகு தெரியாது. பார்க்கும்போது மூன்றே கேள்வி.

ராடு கிளம்பும் முன்பே பிட்டம் மட்டும் மேலே போகிறதா? அப்படியென்றால் தொடக்கத்தில் பிட்டத்தை அளவுக்குமேல் இறக்கிவிட்டீர்கள், அல்லது இறுக்கம் வரும் முன் பிடுங்கிவிட்டீர்கள். ராடு நேர்க்கோட்டில் ஏறுகிறதா, முன்னால் வளைந்து போகிறதா? வளைந்தால் ராடு பாதத்தின் நடுவில் இல்லை, அல்லது அக்குள் தளர்ந்திருக்கிறது. கீழ் முதுகின் வடிவம் முதல் ரெப்பிலும் ஐந்தாவது ரெப்பிலும் ஒன்றாக இருக்கிறதா? இல்லை என்றால் எடையைக் குறையுங்கள். மேல் முதுகு லேசாக உருண்டிருப்பதைப் பற்றி இப்போதைக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கை வியர்த்து ராடு வழுக்குகிறது.

காற்றில் ஈரம் அதிகம் உள்ள ஊர்கள் நம்முடையவை, இது எல்லாருக்கும் வரும். சாக் எனப்படும் மெக்னீசியம் கார்பனேட் தூள் கொஞ்சம் தடவினால் போதும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் கையில் போடாதீர்கள், அது இன்னும் வழுக்கும். ராடையும் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ராடின் சொரசொரப்புக்குள் துரு அடைத்துவிடும்; கம்பித் தூரிகையால் தேய்த்து, துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பிடி திரும்ப வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் செருப்போடு எல்லாரும் நடந்த தரையில் தூக்குவதென்றால் முதலில் தரையைத் துடையுங்கள்.

ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று மாற்றிப் பிடிக்கும் முறையைப் பிடி உண்மையிலேயே போதாமல் போகும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை வெளியே பார்த்திருக்கும் கையின் முழங்கையை மடக்கினால் புஜத் தசைநார் கிழியும் ஆபத்து உண்டு. கையை ராடோடு சேர்த்துப் பட்டை கட்டித் தூக்குவதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் கை தானாகப் பலப்படட்டும்.

பெல்ட், ஷூ வாங்க வேண்டுமா?

இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் இப்போது வேண்டாம். வயிற்றை இறுக்கத் தெரிந்தவருக்குத்தான் பெல்ட் உதவும். மெத்தென்ற ஓட்டப் பயிற்சி ஷூவும் வேண்டாம், குதிகால் அமுங்கி ஆட்டம் கொடுக்கும். தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். தரை காய்ந்து சுத்தமாக இருந்தால் வெறுங்காலே நல்லது.

பெண்கள் செய்யலாமா? கர்ப்பப்பைக்கு ஆகாது என்கிறார்கள்.

தாராளமாகச் செய்யலாம். முறையாக எடை தூக்குவதால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் செய்யலாம், சோர்வாக இருந்தால் எடையைக் குறைக்கலாம். பிரசவம் முடிந்து சில மாதம்தான் ஆகிறது, அல்லது ஏற்கெனவே கர்ப்பப்பை இறக்கமோ சிறுநீர்க் கசிவோ இருக்கிறது என்றால் மட்டும் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எடை தாங்கும் பயிற்சி எலும்பு அடர்த்தியைக் காக்கும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வது பெண்களுக்குத்தான் அதிகம் என்பதால், இந்தப் பயிற்சி அவர்களுக்கு இன்னும் அவசியம் என்பேன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, தரையிலிருந்து தலைக்கு மேலே தூக்கியது 115 கிலோ. அந்தத் தூக்கும் தரையிலிருந்து கிளம்பும் பகுதி டெட்லிஃப்டுக்கு நெருங்கிய உறவு.

கூடத்தில் ஆண்கள் கூட்டமாக இருப்பதுதான் பல பெண்களுக்கு உண்மையான தடை. ஜிம் நடத்துகிறவர்கள் காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்கினால் பெரிய உதவி.

நான் வயல் வேலையும் பார்க்கிறேன். நெல் மூட்டையும் தூக்குகிறேன். தனியாக டெட்லிஃப்ட் தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் காலம் பார்த்து.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை நெல் 40 கிலோ. தரையிலிருந்து 50 கிலோ மட்டுமே தூக்க முடிந்தவருக்கு ஒவ்வொரு மூட்டையும் கிட்டத்தட்ட அவருடைய எல்லை. 100 கிலோவை முறையாகத் தூக்குகிறவருக்கு அது பாதிக்கும் கீழே. நாள் முழுக்கத் தூக்கும்போது அந்த மிச்ச பலம்தான் முதுகைக் காப்பாற்றுகிறது. ஆனால் மூட்டை, ராடு மாதிரி காலோடு உரசி வராது. பருமன் அதிகம், பிடிக்கக் காது மட்டும்தான், நெல் உள்ளே நகரும். முதுகு கொஞ்சம் வளைந்தே தீரும். அதனால் மூட்டையை இரண்டு காலுக்கும் நடுவே கொண்டுவந்து, உடம்போடு அணைத்து, முதலில் தொடைமேல் ஏற்றி, அங்கிருந்து எழுந்திருங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். கைகொடுக்க ஆள் இருந்தால் கூப்பிடுங்கள்.

நடவும் களையெடுப்பும் வேறு ரகம். அங்கே எடை இல்லை, ஆனால் மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறோம். நெடுநேரம் குனிந்த முதுகின் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். நிமிர்ந்த உடனே பழைய நிலைக்கு வராது. அப்படி ஒரு நாள் முடிந்து அன்று மாலையே ஜிம்மில் கனமாகத் தூக்கக் கூடாது. குறுவை நடவு நாட்களிலும், தை, மாசி சம்பா அறுவடை நாட்களிலும் டெட்லிஃப்டை வாரம் ஒரு முறை, வழக்கமான எடையில் பாதி என்று குறைத்துக்கொள்ளுங்கள். முறை மறக்காமல் இருக்கும், பலம் பெரிதாக இறங்காது. வேலை ஓய்ந்த மாதங்களில் ஏற்றிக்கொள்ளலாம்.

விடியற்காலையில் எழுந்ததும் நேராக ஜிம் போகிறேன். சரியா?

எழுந்து ஒரு மணி நேரம் போகட்டும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் வளைந்து எடை தூக்கினால் தட்டின் மேல் அழுத்தம் அதிகம். கொஞ்சம் நடந்து, குச்சிப் பயிற்சி பத்து செய்து, வெறும் ராடில் ஒரு செட், பாதி எடையில் ஒரு செட் என்று போய்விட்டு, பிறகு உண்மையான எடைக்கு வாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் தகரக் கூரை ஜிம்மில் தூக்குவதைத் தவிருங்கள். உப்புப் போட்ட நீர்மோர் கூட இருக்கட்டும்.

மறுநாள் உடம்பு வலிக்கிறது. நிறுத்திவிடவா?

எங்கே, எப்படி வலிக்கிறது என்று பாருங்கள். பின்தொடையும் பிட்டமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொட்டால் நோகிற வலி என்றால் அது தசை வலி. ஒன்றிலிருந்து மூன்று நாளில் போய்விடும். கீழ் முதுகு லேசாகக் களைத்திருப்பதும் தொடக்கத்தில் வரக்கூடியதுதான்.

தூக்கும்போதே சுருக்கென்று குத்தினால் அன்று நிறுத்திவிடுங்கள். படுத்த படுக்கையாக இருக்க வேண்டாம். மெல்ல நடமாடினால்தான் சீக்கிரம் ஆறும். வலி பிட்டத்திலிருந்து காலுக்கு ஓடினாலோ, கால் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் அடைபடுவது, தொடை இடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது ஆகியவை அவசர அறிகுறிகள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால் நேரம் போகப் போகச் சரிசெய்வது கடினம்.

அப்பாவுக்கு 55 வயது. இப்போது தொடங்கலாமா?

தொடங்கலாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒரு தடவை பரிசோதித்துவிட்டு, குச்சியில் ஒரு மாதம், பிறகு முழங்கால் உயரத்தில் வைத்த லேசான ராடு, பிறகு மெல்ல மெல்லக் கீழே. எடையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றினால் போதும். பேரப்பிள்ளையைத் தரையிலிருந்து தூக்கவும், கீழே உட்கார்ந்து எழவும் வேண்டிய பலம் இதே தசைகளிலிருந்துதான் வருகிறது.

சாப்பாட்டில் மாற்றம் வேண்டுமா?

சோற்றைக் குறைப்பதைவிடப் புரதத்தைக் கூட்டுவதுதான் முதல் வேலை. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் நல்ல இலக்கு. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம், 100 கிராம் உளுந்திலும் நிலக்கடலையிலும் 25 கிராமுக்கு நெருக்கம். 100 கிராம் வெந்த சோற்றில் 3 கிராமுக்கும் குறைவு. சம்பாவுக்குப் பிறகு நம் வயல்களிலேயே உளுந்தும் பயறும் விளைகின்றன. உளுந்தங்கஞ்சி, பயறுச் சுண்டல், குளத்துக் கெண்டை என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே பாதி தூரம் போய்விடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் நிற்கட்டும்.

காலை அகட்டி நின்று தூக்கும் சுமோ முறை எளிதாமே?

எல்லாருக்கும் எளிதில்லை. இடுப்பு மூட்டின் அமைப்பைப் பொறுத்தது. உடம்பு செங்குத்தாக நிற்பதால் கீழ் முதுகில் சுமை கொஞ்சம் குறையும். உள்தொடைக்கும் இடுப்பு மூட்டுக்கும் வேலை கூடும். சாதாரண முறையில் மூன்று மாதம் பழகிய பிறகு லேசான எடையில் முயன்று பாருங்கள். எது உடம்புக்கு ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம், இரண்டும் போட்டியில் செல்லும்.

போட்டிக்குப் போக ஆசை. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டெட்லிஃப்ட் ஒலிம்பிக்கில் கிடையாது. அது பவர்லிஃப்டிங் என்ற எடை தூக்கும் போட்டியில் வருவது: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), கடைசியாக டெட்லிஃப்ட், ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது, தூக்கியது செல்லும் என்று வெள்ளை விளக்குப் போட வேண்டும். முழங்கால் நிமிர்ந்து, தோள் பின்னால் வந்து அசையாமல் நின்ற பிறகு தலைமை நடுவர் இறக்கச் சொல்லுவார். அதற்கு முன் இறக்கினால் செல்லாது. ராடைத் தொடைமேல் தாங்க வைத்து எம்பி எம்பி ஏற்றினாலும், ஏறும்போது ராடு கீழே இறங்கினாலும், மேலிருந்து கையை விட்டுவிட்டாலும் செல்லாது. கையில் பட்டை கட்ட அனுமதியில்லை, முன்னெலும்பை மூடும் நீள சாக்ஸ் கட்டாயம். பயிற்சியிலேயே ஒவ்வொரு செட்டின் கடைசி ரெப்பையும் மேலே ஒரு நொடி நிறுத்தி, கையை விடாமல் இறக்கிப் பழகி வாருங்கள்.